பாடிக்கு வந்த டெமிங் பதக்கம்

பாடியில் லூகாஸ் நிறுத்தத்தில் இறங்கி அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் போனால், சில கிலோமீட்டருக்குள் நான்கு நிறுவனங்கள் வளர்ந்த இடங்களைப் பார்க்கலாம். நான்கும் ஜப்பானியத் தொழில்துறை மிக உயர்ந்ததாக மதிக்கும் டெமிங் பரிசை வாங்கியவை. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் வாங்கியது. இந்தியாவுக்கு அதுவே முதல் டெமிங் பரிசு. 2001-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003-இல் ரானே பிரேக் லைனிங், 2004-இல் லூகாஸ் டிவிஎஸ். நான்கில் மூன்று, வண்டியை நிறுத்துகிற பாகங்களைச் செய்பவை. ஆயிரம் பிரேக்கில் ஒன்று பழுது என்றாலும், அந்த ஒன்று ஒரு பேருந்தில் இருக்கும். பேருந்தில் ஐம்பது பேர் இருப்பார்கள்.

இந்தப் பரிசு எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று கேட்டால் வழக்கமாக ஒரே பதில்தான் கிடைக்கும். ஜப்பானியர்கள் இயல்பிலேயே ஒழுங்கானவர்கள், அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொண்டோம் என்பார்கள். இந்தப் பதிலின் முதல் பாதி தவறு. இரண்டாவது பாதி உண்மைதான், ஆனால் அரைகுறை. ஜப்பானுக்கும் சென்னையின் மேற்குப் புறநகருக்கும் நடுவே ஓடும் இழைகளைப் பிடித்துக்கொண்டு போனால், நடுவழியில் ஆவடியும் கல்கத்தாவும் வருகின்றன. வந்த சரக்கில் கொஞ்சம் இங்கிருந்து போனதாகவும் இருக்கிறது.

பிரேக் லைனிங்கிலிருந்தே தொடங்கலாம். ரானே பிரேக் லைனிங்குக்கு ஜப்பானியக் கூட்டாளியாக இருந்தது நிஷின்போ. உராய்வுப் பொருள் தயாரிப்பில் உலக அளவில் பெயர் பெற்ற இந்த நிறுவனம் 1907-இல் தொடங்கப்பட்டபோது அது ஒரு பருத்தி நூற்பாலை. வண்டிகளுக்கும் அதற்கும் அன்று எந்தச் சம்பந்தமும் இல்லை. பாடியின் டிவிஎஸ் குடும்பத்துக்கு இருந்த இன்னொரு ஜப்பானிய உறவு சுசுகி; ஓசூரில் டிவிஎஸ் உடன் சேர்ந்து பல ஆண்டுகள் மோட்டார் சைக்கிள் செய்தது. மிச்சியோ சுசுகி 1909-இல் ஹமாமட்சுவில் தொடங்கியது தறி செய்யும் பட்டறை. டொயோட்டாவின் மூலவர் சகிச்சி டொயோடாவும் தறிக்காரர்தான். நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் அவருடைய தானியங்கித் தறி 1924-இல் முழுமை பெற்றது. 1929-இல் அதன் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனமே விலை கொடுத்து வாங்கியது. பழுது தெரிந்த கணத்தில் எந்திரம் நிற்க வேண்டும், பழுதோடு ஓடக் கூடாது என்ற விதி பின்னாளில் டொயோட்டா கார் ஆலையின் அடிப்படை விதிகளில் ஒன்றாயிற்று.

அந்த ஆலைகளும் தறிகளும் எந்தப் பருத்தியில் ஓடின? ஜப்பானில் நூற்பாலைகள் பெருகியபோது உள்நாட்டுப் பருத்தி அவற்றுக்குப் போதவில்லை. இந்தியப் பருத்தி தேவைப்பட்டது. பம்பாயிலிருந்து கீழ்த்திசைக்குப் போகும் சரக்கோ பிரிட்டிஷ் பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்தின் பிடியில் இருந்தது. 1893-இல் ஜாம்ஷெட்ஜி டாடா ஜப்பான் போய், அந்நாட்டு நவீனத் தொழில்களின் தந்தை எனப்படும் ஷிபுசாவா எய்ச்சியைச் சந்தித்தார். அதே ஆண்டு நிப்பான் யூசென் கைஷாவின் கப்பல்கள் பம்பாய்க்கும் கோபேவுக்கும் இடையே ஓடத் தொடங்கின. அது ஜப்பானின் முதல் தொலைதூரக் கப்பல் வழித்தடம். அதைத் திறந்து வைத்தது பஞ்சுப் பொதி. பிறகு பல பத்தாண்டுகள் ஜப்பானிய ஆலைகளில் நூலான பருத்தியில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது. நூற்றாண்டு முடியும் தறுவாயில் அந்த நூற்பாலைகளில் ஒன்றின் வாரிசு, பிரேக் லைனிங் நுட்பத்தோடு அம்பத்தூருக்கு வந்தது.

அடுத்த இழை பயத்தில் தொடங்குகிறது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. அடுத்தது மெட்ராஸ் என்று அரசே நம்பியது. கவர்னர் ஆர்தர் ஹோப்பின் நிர்வாகம் ஊரைக் காலி செய்யச் சொன்னது. அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்குப் போயின. பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலிகளைக் குண்டு வீச்சில் கூண்டு உடைந்து தப்பிவிடும் என்ற அச்சத்தில் சுட்டுக் கொன்றார்கள். கடைசியில் 1943 அக்டோபரில் ஓர் இரவு ஒற்றை விமானம் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனதோடு சரி. ஆனால் பர்மா வரை வந்துவிட்ட ஜப்பானை எதிர்கொள்ளக் கிழக்குக் கரையில் ராணுவக் கிடங்குகளும் முகாம்களும் தேவைப்பட்டன. கடற்கரையிலிருந்து தள்ளி, ரயில் பாதையை ஒட்டி, பரந்து கிடந்த ஆவடி அந்தப் போர்க்காலத்தில்தான் பெரிய ராணுவத் தளமாக வளர்ந்தது.

போர் முடிந்தபின் அந்தப் பரப்பில் நடந்தவை தமிழர்களுக்குத் தெரிந்தவையே. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடி, சோஷலிச பாணி சமுதாயம் அமைப்பதே இலக்கு என்று தீர்மானம் போட்டது. காமராஜர் அப்போது முதலமைச்சர். பிறகு 1960-களில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, டாங்கி வந்தது. ஆவடித் தீர்மானத்தைப் பற்றி அரசியல் கட்டுரைகள் ஏராளம். ஆனால் அதைக் கணக்காக மாற்றியவர் இருந்த இடத்தில் அதே மாதங்களில் இன்னும் யார் இருந்தார் என்பதை அந்தக் கட்டுரைகள் பார்ப்பதில்லை.

கணக்காக மாற்றியவர் பி. சி. மகாலனோபிஸ். ஆவடி மாநாடு முடிந்து இரண்டு மாதத்தில், 1955 மார்ச்சில், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் முதல் வரைவைக் கொடுத்தார். அவர் 1931-இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் கல்கத்தாவில் பராநகரில் இருந்தது. அந்தக் கழகத்தில் 1954-55-இல் வருகைப் பேராசிரியராக இருந்தவர் கெனிச்சி டகுச்சி என்ற முப்பது வயது ஜப்பானியப் பொறியாளர். பின்னாளில் உலகம் முழுவதும் ஆலைகளில் டகுச்சி முறை என்று சொல்லப்படுகிறதே, அதே டகுச்சி.

கல்கத்தா வருவதற்கு முன்பே அவர் செய்திருந்த ஒரு வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஜப்பானில் இனா என்ற ஓடு தயாரிக்கும் நிறுவனம் புதிதாக ஒரு நீளச் சூளை வாங்கியிருந்தது. ஓடுகளை வண்டியில் அடுக்கி உள்ளே தள்ளுவார்கள். வண்டியின் வெளிப்புறத்தில் இருந்த ஓடுகள் ஒரு அளவிலும் நடுவில் இருந்தவை வேறு அளவிலும் வெந்து வந்தன. சூளைக்குள் எல்லா இடத்திலும் ஒரே சூடு இல்லை என்பதே காரணம். சூட்டைச் சமன் செய்யச் சூளையையே மாற்றிக் கட்ட வேண்டும், அதற்குப் பெரும் செலவாகும். அவர்கள் 1953-இல் வேறு வழியில் போனார்கள். மண் கலவையில் மாற்றக்கூடிய ஏழு விஷயங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு அளவுகள் வைத்தார்கள். எல்லாச் சேர்க்கைகளையும் சுட்டுப் பார்க்க வேண்டுமானால் 128 முறை சுட வேண்டும். ஒரு குறிப்பிட்ட அட்டவணைப்படி தேர்ந்தெடுத்தால் எட்டே முறை போதும். எட்டு முறை சுட்டதில் விடை கிடைத்தது. சுண்ணாம்புக்கல் ஒரு சதவீதமாக இருந்ததை ஐந்து சதவீதமாக்கினால், சூடு முன்பின்னாக இருந்தாலும் ஓடு அளவு மாறவில்லை. சூளையைத் தொடவே இல்லை. மலிவான ஒரு பொருளைக் கொஞ்சம் கூட்டியதோடு வேலை முடிந்தது.

128 முறைக்குப் பதில் எட்டு முறை போதும் என்று சொல்லும் அந்த வகை அட்டவணைகளின் பொதுக் கணிதத்தை 1940-களில் கல்கத்தாவில் வகுத்தவர் சி. ஆர். ராவ். அன்றைய சென்னை மாகாணத்தில், பெல்லாரி மாவட்டத்து ஹடகலியில் 1920-இல் பிறந்தவர். மகாலனோபிஸின் கழகத்தில் வளர்ந்தவர். டகுச்சிக்கு இந்த வித்தையைக் காட்டிக் கொடுத்த ஆசான் மோட்டோசபுரோ மசுயாமா. மகாலனோபிஸ் நடத்திய சங்க்யா இதழில் 1953-இல் மசுயாமாவின் கட்டுரை வெளிவந்திருக்கிறது. டெமிங் பரிசு 1951-இல் தொடங்கியபோது தனிநபர் பரிசை முதலில் பெற்றவரும் அவரே. கல்கத்தாவுக்கும் டோக்கியோவுக்கும் இடையே கணிதத் தாள்கள் இரு திசையிலும் போய்வந்துகொண்டிருந்த காலம் அது.

டகுச்சி முதுமையில் உருவாக்கிய கடைசிப் பெரிய முறைக்கு மகாலனோபிஸ்-டகுச்சி முறை என்று பெயர். ஒரு எந்திரம் நலமாக இருக்கிறதா, பழுதை நோக்கிப் போகிறதா என்று பல அளவுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்ல அது உதவுகிறது. அதன் அடியில் இருப்பது மகாலனோபிஸ் தூரம் என்ற அளவை. அந்த அளவை எதற்காகப் பிறந்தது தெரியுமா? 1920-இல் நாக்பூர் அறிவியல் மாநாட்டில் நெல்சன் அன்னண்டேல் என்ற விலங்கியலாளர், கல்கத்தா ஆங்கிலோ-இந்தியர்களின் உடல் அளவுகளை ஆராய்ந்து தருமாறு மகாலனோபிஸைக் கேட்டார். மனிதக் குழுக்களின் தலை, மூக்கு அளவுகளை ஒப்பிடும் வேலையில் தொடங்கிய யோசனை 1936-இல் முழு வடிவம் பெற்று, ஜப்பான் போய், எந்திரங்களின் நோய் அறியும் கருவியாகத் திரும்பியிருக்கிறது.

பரிசுக்குப் பெயர் தந்த டெமிங்கும் இந்த வட்டத்துக்குள் இருந்தவர்தான். எட்வர்ட்ஸ் டெமிங் அமெரிக்கப் புள்ளியியலாளர். 1947-இல் ஐக்கிய நாடுகள் அமைத்த மாதிரிக் கணக்கெடுப்புத் துணைக்குழுவில் அவர் உறுப்பினர், தலைவர் மகாலனோபிஸ். டெமிங்கின் ஆசான் வால்டர் ஷூஹார்ட். உற்பத்தியில் வரும் ஏற்ற இறக்கத்தில் எது இயல்பானது, எது தேடிப் பிடிக்க வேண்டிய கோளாறு என்று பிரித்துக் காட்டும் கட்டுப்பாட்டு வரைபடத்தை 1924-இல் கண்டுபிடித்தவர். அவர் 1947-48-இல் மகாலனோபிஸின் அழைப்பில் இந்தியா வந்து, ஊர் ஊராகப் போய்த் தொழிலதிபர்களிடம் தரக் கட்டுப்பாடு பற்றிப் பேசினார். டெமிங் ஜப்பானில் பேசியது 1950 கோடையில். அதாவது மாணவர் ஜப்பானியத் தொழிலதிபர்களிடம் தரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஆசான் இங்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இந்தியா பிந்தியதற்குக் காரணம் தெரியாமை இல்லை என்பது இதிலிருந்து தெளிவு. ஜப்பானியர்களின் பிறவி ஒழுக்கம் என்ற விளக்கமும் இங்கே நிற்காது. 1950-இல் உலகச் சந்தையில் ஜப்பான் சரக்கு என்றால் மலிவு, சீக்கிரம் உடையும் என்று பொருள். அந்நாட்டில் உடைந்த ஊசிகளை மிருதுவான டோஃபுவில் குத்தி வைத்து நன்றி சொல்லும் ஹரி குயோ சடங்கு நெடுங்காலமாக உண்டு. நாம் ஆயுத பூஜையன்று லேத்துக்குப் பொட்டு வைப்பதைப் போன்ற அழகான வழக்கம் அது. இரண்டு நாட்டிலும் சடங்கு இருந்தது. இரண்டு நாட்டிலும் சரக்கு மட்டமாகத்தான் இருந்தது. கருவியைக் கும்பிடுவது ஒன்று, கருவி செய்யும் பிழையை அளப்பது வேறொன்று.

வித்தியாசம் அந்தக் கணிதம் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பதில் இருக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் பொறியாளர்கள் சங்கம் டெமிங்கை அழைத்தபோது, அதன் தலைவர் இச்சிரோ இஷிகாவா பெரிய தொழிலதிபர்களையும் உட்கார வைத்தார். டெமிங் தன் உரைகளின் அச்சுப் பிரதிக்கான உரிமைத் தொகையை வேண்டாம் என்றார். அந்தப் பணத்தில்தான் பரிசு தொடங்கியது. அதன்பின் நடந்ததே முக்கியம். 1956-இல் ஃபோர்மேன்களுக்காக வானொலியில் தரக் கட்டுப்பாட்டுப் பாடம் ஒலிபரப்பினார்கள். 1962-இல், தலைவரின் மகன் கவோரு இஷிகாவாவின் முன்முயற்சியில், ஷாப் ஃப்ளோரில் நிற்பவர்கள் தங்கள் காசிலேயே வாங்கக்கூடிய விலையில் ஒரு இதழ் வந்தது. அதைப் படிக்கக் கூடிய சிறு குழுக்களே தர வட்டங்கள் ஆயின. வரைபடம் மேலாளர் அறையை விட்டு எந்திரத்தின் பக்கத்துக்கு வந்தது.

எந்திரத்தின் பக்கத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஷிகெயோ ஷிங்கோ சொல்லும் ஒரு உதாரணம் போதும். 1961-இல் யமடா எலெக்ட்ரிக் என்ற ஆலையில் ஒரு சின்னச் சுவிட்ச். உள்ளே இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும். தொழிலாளர்கள் அவ்வப்போது ஒன்றை வைக்க மறந்துவிடுவார்கள். மேலதிகாரிகள் திட்டுவார்கள், கவனமாக இருங்கள் என்பார்கள், கொஞ்ச நாள் சரியாகப் போகும், மறுபடி மறக்கும். ஷிங்கோ செய்தது ஒன்றுதான். வேலை தொடங்கும் முன் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பிரிங்கை எடுத்து ஒரு சின்னத் தட்டில் வைக்கச் சொன்னார். சுவிட்சை மூடியபின் தட்டில் ஸ்பிரிங் மிச்சமிருந்தால், மறந்தது உடனே தெரியும். அந்த ஆலையில் அதோடு பழுது நின்றது. ஆளைத் திட்டாமல் வேலையின் அமைப்பை மாற்றுவது என்ற இந்த முறைதான் இன்று அம்பத்தூரில் எட்டாம் வகுப்பு படித்த ஆபரேட்டரும் சொல்லும் போகா யோகே. ஒரு ஃபிக்ஸ்சரில் கூடுதலாக ஒரு பின் அடித்திருப்பார்கள். பாகத்தைத் திருப்பி வைத்தால் உட்காராது. அவ்வளவுதான் அது.

இங்கே கதை வேறு. புள்ளியியல் கழகமும் ஆலைகளை மறக்கவில்லை. 1953-இல் பம்பாயில் தொடங்கித் தரக் கட்டுப்பாட்டு அலகுகளைப் பல ஊர்களில் திறந்தது. ஆனால் அந்த அலகுகளின் கதவைத் தட்ட வேண்டிய அவசியம் எந்த முதலாளிக்கும் இருக்கவில்லை. பாடியின் பெரிய ஆலைகள் 1960-களில் எழுந்தபோது கூட்டாளிகள் பிரிட்டிஷ்காரர்கள். லூகாஸ், கர்லிங், டன்லப், கிளேட்டன் டெவாண்டர் என்று எல்லாமே அந்தப் பக்கம்தான். ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் அம்பத்தூர் பேட்டை உருவானது. நல்ல பொறியாளர்கள் வந்தார்கள், நல்ல எந்திரங்கள் வந்தன. ஆனால் இறக்குமதிக்குத் தடை, உற்பத்திக்கு உரிமம், ஸ்கூட்டருக்குப் பல ஆண்டுக் காத்திருப்பு. விற்காத சரக்கு என்று ஒன்று இல்லாத சந்தையில், வரிசையின் கடைசியில் ஒரு இன்ஸ்பெக்டரை நிறுத்தி நல்லதையும் கெட்டதையும் பிரித்தால் போதும் என்ற நிலை. அந்தச் சந்தையை வடிவமைத்ததில் மகாலனோபிஸின் வரைவுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஒரே மனிதர் ஒரு கையால் தரத்தின் கணிதத்தை வளர்த்தார். மறுகையால் தரம் தேவைப்படாத பொருளாதாரத்தை வரைந்தார்.

1983 டிசம்பரில் சுசுகியின் கூட்டில் மாருதி கார் வந்தபோது இந்த நிலை அசையத் தொடங்கியது. 1986-இல் கவோரு இஷிகாவாவே இந்தியா வந்தார். 1991-க்குப் பிறகு கதவு முழுக்கத் திறந்தது. யோஷிகாசு ட்சுதா, யசுதோஷி வாஷியோ போன்ற பேராசிரியர்கள் இந்திய நிறுவனங்களுக்கு வழிகாட்ட ஆண்டுதோறும் வந்து போனார்கள். ஏ.ஓ.டி.எஸ். என்ற ஜப்பானிய அமைப்பின் வழியாக இங்கிருந்து பொறியாளர்கள் பயிற்சிக்குப் போனார்கள். அப்படிப் போய்வந்தவர்கள் அமைத்த சங்கம் சென்னையில் இன்றும் ஜப்பானிய மொழி வகுப்பு நடத்துகிறது.

டெமிங் பரிசுத் தேர்வு போட்டி கிடையாது; இத்தனை பேருக்குத்தான் என்ற கணக்கும் கிடையாது. தேர்வாளர்கள் நேரில் வருவார்கள். முதல் கட்டத்தில் நிறுவனம் தான் காட்ட விரும்புவதைக் காட்டும். இரண்டாவது கட்டத்தில் எந்த இடத்துக்குப் போக வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதைத் தேர்வாளர்களே முடிவு செய்வார்கள். எந்திரத்தில் நிற்பவரிடம் போய், இந்த வேலையை ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லித் தேறியவர்கள் பாடித் தொழிலாளர்கள். 2019-இல், அப்போது சுந்தரம் கிளேட்டன் தலைவராக இருந்த வேணு சீனிவாசனுக்கு, ஜப்பானுக்கு வெளியே தர இயக்கத்தைப் பரப்பியதற்கான டெமிங் விருது கிடைத்தது. அதே அளவு கௌரவம் அந்தப் பதில்களைச் சொன்னவர்களுக்கும் உரியது.

ஜப்பானிலேயே இந்த இயக்கம் தளர்ந்த இடங்களும் உண்டு. 2017-இல் கோபே ஸ்டீல் தரத் தரவுகளைத் திருத்தியதை ஒப்புக்கொண்டது. 2023 டிசம்பரில் டய்ஹட்சு பல ஆண்டுகளாகப் பாதுகாப்புச் சோதனை முடிவுகளில் முறைகேடு செய்தது வெளிவந்தது. விசாரணைக் குழு முதன்மையாகச் சுட்டிய காரணம், நெருக்கிய காலக்கெடு. முடியாது என்று மேலே சொல்ல முடியாத சூழல். டெமிங் பிற்காலத்தில் எழுதிய 14 விதிகளில் எட்டாவது, வேலையிடத்திலிருந்து பயத்தை விரட்டு என்பது. அவர் அதை அன்புரையாக எழுதவில்லை. பயப்படுகிறவர் தரும் எண் பொய்யாக இருக்கும், பொய்யான எண்ணை வைத்து எந்த வரைபடமும் போட முடியாது என்ற தொழில் கணக்கு அது.

அம்பத்தூர், பட்டரவாக்கம், திருமுல்லைவாயில் பக்கத்துச் சிறு பட்டறைகளைப் பற்றி என் கவலையும் இதுதான். பெரிய கம்பெனிக்குப் பாகம் கொடுக்கும் வெண்டாருக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பவர்கள் இவர்கள். தரையில் மஞ்சள் கோடு இருக்கும், சுவரில் ஒழுங்கையும் துப்புரவையும் சொல்லும் ஃபைவ் எஸ் பலகை இருக்கும், எந்திரத்தின் மேல் கட்டுப்பாட்டு வரைபடப் படிவம் தொங்கும். எந்திரத்தில் நிற்பவர் பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த காண்ட்ராக்ட் இளைஞர். மணிக்கு ஒருமுறை அளந்து எழுத வேண்டிய எண்களை ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக எழுதுவது நடக்கிறது. எல்லா எண்களும் வரம்புக்குள் அழகாக விழுகின்றன. ரிஜெக்ஷன் என்று எழுதினால் கூலியில் பிடிப்பார்கள் என்று அவர் பயப்படுகிறார். எந்திரத்தை நிறுத்தினால் நாளை வர வேண்டாம் என்பார்கள் என்றும் பயப்படுகிறார். இரண்டாவது கட்டத்தில் தேர்வாளர் கேட்கும் கேள்வியை அவரிடம் கேட்க யாரும் வருவதில்லை. தாய்க் கம்பெனியின் வெண்டார் ஆடிட் வருகிறது. அதுவும் பெரும்பாலும் முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டுத்தான் வருகிறது.